முளை என்னும் மங்கலம்

மாசியும் பங்குனியும் கூடும் நாள்களில் காரைக்குடி நகரம் மஞ்சள் நீரில் நனைந்து நிற்கும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருக்கோயிலில் மாசி - பங்குனிப் பெருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், செட்டிநாட்டுச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் அடியார்கள் திரளத் தொடங்குவர். பால்குடம் ஒருபுறம், காவடி ஒருபுறம், பூக்குழி ஒருபுறம் என விழா விரிந்தாலும், அதன் நடுவே ஓசையின்றி வரும் ஒரு காணிக்கை உண்டு. கரகத்தோடும் மதுக்குடத்தோடும் வரிசையாகச் செல்லும் பெண்களின் தலைமேல், வெளிர்மஞ்சள் நிறத்தில், விரல்நீளம் கடந்து வளர்ந்து, நடைக்கேற்ப மெல்ல அசையும் இளம்பயிர்க் கூட்டம்தான் அது. முளைப்பாரி என்று அதனை அழைக்கிறோம்.

பொன்னும் பட்டும் படைப்பதற்குச் செல்வம் வேண்டும். முளைப்பாரி படைப்பதற்கு ஒரு பிடி தானியமும், ஒரு சட்டி மண்ணும், நாள்தோறும் தெளிக்கும் நீரும், தவறாத நோன்பும் போதும். ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றுபோல் வாய்த்த இக்காணிக்கையைச் சுற்றித் தமிழ்மொழி எத்தனை சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். வித்து, முளை, குருத்து, தளிர், நாற்று, கன்று, பிள்ளை, வடலி என ஒவ்வொரு சொல்லும் ஒரு வயலைக் கண்டது. ஒரு கைப்பழக்கத்தை அறிந்தது. அச்சொற்கள் இன்று வயதில் முதிர்ந்தோரின் நாவிலேதான் பெரிதும் வாழ்கின்றன. ஆதலால் அவற்றை ஒருமுறை நினைவுகூர்வதும் ஒருவகை வழிபாடேயாகும்.

பாலிகையும் பாரியும்

முளை வளர்த்துத் தெய்வத்துக்குப் படைக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் கோவலன் - கண்ணகி திருமணத்தைப் பாடும் மங்கல வாழ்த்துப் பாடலில், மங்கலப் பொருள்களை ஏந்தி வரும் மகளிர் கூட்டத்தில் பாலிகையும் முளைக்குடமும் ஏந்தியவர்களும் இடம்பெறுகின்றனர். உ.வே.சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்து வெளியிட்டபோது, அதனைப் படித்த இல்லத்தினர் தம் வீட்டுத் திருமணங்களில் தெளிக்கும் பாலிகையை அக்காப்பியத்திலேயே கண்டிருப்பர். பாலில் நனைத்த தானியங்களைச் சுமங்கலிப் பெண்கள் மண்கிண்ணங்களில் தெளித்து, நீர் வார்த்து, மணமக்களின் குலம் முளைபோல் தழைக்க வாழ்த்தும் சடங்கு இன்றும் பல குடும்பங்களில் நடைபெறுகிறது.

திருக்கோயில்களில் இதே செயல் அங்குரார்ப்பணம் என்னும் பெயர் பெறுகிறது. வடமொழியில் அங்குரம் என்றால் முளை. அர்ப்பணம் என்றால் அளித்தல். தமிழில் இதனை முளையிடுதல் என்பர். பிரம்மோற்சவமாயினும் கும்பாபிஷேகமாயினும், நல்ல இடத்து மண்ணை முறைப்படி எடுத்துவரும் மிருத்சங்கிரகணம் முடிந்த பின்னர், அம்மண்ணைப் பாலிகைகளில் இட்டு, தானியங்களை விதைத்து, முளை வளர்ப்பர். பாலிகை, கடிகை, சராவம் என மூவகைக் கலங்களை ஆகமங்கள் கூறுகின்றன. இச்சடங்கு இரவு நேரத்தில் நிகழ்வது கவனிக்கத்தக்கது. பயிர்களுக்கும் மூலிகைகளுக்கும் அதிபதி சந்திரன். ஆகவே சந்திரன் ஆட்சி செய்யும் இரவிலே, அவனைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, வித்து இடப்படுகிறது. நவதானியங்களைக் கோள்களுக்கு வகுத்த முன்னோர், நெல்லைச் சந்திரனுக்கே உரியதாக வைத்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் ஆடி மாதம் 10 நாள்கள் நிகழும் விழாவுக்கு முளைக்கொட்டு என்றே பெயர். திருநெல்வேலியில் காந்திமதியம்மைக்கு ஆடிப்பூர விழாவில் முளைக்கட்டு வைபவம் நடைபெறுகிறது. உலகைப் பெற்ற அன்னையைக் கருவுற்ற தாயாகக் கண்டு, ஊறி முளைவிட்ட பயற்றை அவள் திருவயிற்றில் கட்டி வழிபடும் மரபும் ஆடிப்பூரத்தையொட்டி உண்டு. கருவும் முளையும் வேறல்ல என்னும் உணர்வே இவ்வழிபாட்டின் உள்ளுறை.

பாலிகை என்னும் சொல்லே நாட்டுப்புற நாவில் பாரி என மருவிற்று என்று கூறுவோர் உளர். எவ்வாறாயினும், ஆகமம் அறிந்த ஆசாரியர் யாகசாலையில் இடும் முளையும், ஊருணிக்கரைப் பெண் தன் வீட்டு இருட்டறையில் வளர்க்கும் முளையும் ஒரே வித்தின் இரு தளிர்கள் என்பதில் ஐயமில்லை.

இருளில் வளரும் பொன்

முளைப்பாரி வளர்க்கும் முறையைச் செட்டிநாட்டுப் பெண்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. எனினும் அம்முறையினுள் அடங்கிய அறிவு எண்ணுந்தோறும் இன்பம் தருவது.

காப்புக் கட்டிய பின், மண்சட்டியிலோ அகன்ற ஓட்டிலோ வைக்கோலைப் பரப்பி, கண்மாயிலிருந்து கொணர்ந்த வண்டல் மண்ணையும் காய்ந்த சாணத்தூளையும் கலந்து இடுவர். நெல், சோளம், கம்பு, மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, துவரை என வீட்டில் உள்ள தானியங்களை முன்னிரவே நீரில் ஊறவைத்து, மறுநாள் தூவி, மேலே மெல்லிய மண்போர்வை இடுவர். பிறகு அதனை வெளிச்சம் புகாத அறையில் வைத்து, நாள்தோறும் நீராடித் தூய்மையுடன் சென்று நீர் தெளிப்பர். மாலைதோறும் பெண்கள் கூடிக் கும்மியடித்துப் பாடுவர், குலவையிடுவர். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ முளைகள் ஓங்கி நிற்கும்.

ஊறிய வித்தினுள் நிகழ்வது ஒரு சிறிய விழிப்பு. காய்ந்த விதை உயிரற்றதன்று. மிக மெல்ல மூச்சுவிட்டு உறங்கும் உயிர். நீரைப் பருகியதும் அது பருக்கிறது, தோல் நெகிழ்கிறது, உள்ளே சேமித்து வைத்த மாவுப்பொருள் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறுகிறது. முளைகட்டிய பயற்றில் தோன்றும் இனிப்புக்கு இதுவே காரணம். முதலில் வெளிவருவது முளைவேர். அது மண்ணை நோக்கிக் கீழே செல்லும். அதன் பின்னரே முளைக்குருத்து மேல்நோக்கி எழும். தான் நிற்க ஓர் இடம் தேடிக்கொண்ட பிறகே தலைதூக்குவது வித்தின் ஒழுக்கம்.

அவ்வாறு எழும்போது பாசிப்பயறு தன் இரண்டு பருப்புகளையும் சுமந்துகொண்டு மண்ணுக்கு மேலே வரும். இரு கை குவித்ததுபோல் தோன்றும் அப்பருப்புகளை வித்திலை என்பர். நெல்லோ தன் சேமிப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, ஊசிபோன்ற ஒற்றைக் குருத்தை மட்டும் மேலே அனுப்பும். இரண்டாகப் பிளக்கும் பயற்றினமும், பிளக்காத நெல்லினமும் ஒரே பாரியில் அடுத்தடுத்து நிற்பதை அன்பர்கள் அடுத்த முறை உற்றுநோக்கலாம்.

முளைப்பாரி பச்சையாக இராமல் வெளிர்மஞ்சளாக இருப்பதன் காரணமும் எளிதே. இலையைப் பச்சையாக்கும் பச்சையம் உண்டாவதற்கு ஒளி வேண்டும். இருட்டறையில் ஒளி இல்லை. ஆகவே பயிர் தன் முழு வலிமையையும் உயரமாக வளர்வதிலேயே செலுத்துகிறது; எங்கேனும் ஒளி கிடைக்குமா என்று மேன்மேலும் நீள்கிறது. வெயிலில் வளரும் பயிரைவிட அது விரைவில் உயர்ந்து மென்மையாக நிற்பது அதனால்தான். அதற்கு அத்தனை நாளும் உணவளித்தது விதைக்குள் தாய்ப்பயிர் வைத்துச் சென்ற சேமிப்பே. இருளில் நின்று ஒளியைத் தேடும் அவ்வுயிர், முதன்முதலாக வெளியே வரும் நாளில் அம்மன் சந்நிதியின் ஒளியைக் காண்கிறது. இதைவிடப் பொருத்தமான படையல் எதுவாக இருக்க முடியும்!

விதைப்பதற்கு எத்தனை சொற்கள்

நகரத்தில் வளரும் இளைய தலைமுறைக்கு எல்லாம் 'செடி நடுவது' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. வயலறிந்த முதியவர் அவ்வாறு சொல்லமாட்டார். நெல்லை அவர் விதைப்பார். கீரை விதையைத் தூவுவார். பாலிகையில் தானியத்தைத் தெளிப்பார். மொச்சையையும் அவரையையும் ஊன்றுவார். வளர்ந்த நாற்றைத்தான் நடுவார். மல்லிகைக் கொடியைப் பதியம் போடுவார். விரலளவு நுண்மையான இவ்வேறுபாடுகள் ஒவ்வொன்றும், அந்த விதைக்கு எவ்வளவு ஆழம் வேண்டும், எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதையும் உடன் கற்பிக்கின்றன. ஊன்று என்ற சொல்லிலேயே விரல் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. தூவு என்ற சொல்லிலேயே கை காற்றில் விரிந்துவிடுகிறது.

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. பெரிய ஆற்றுப்பாசனம் இல்லாத இம்மண்ணில், வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கண்மாயும் ஊருணியும் வெட்டி வைத்தனர் முன்னோர். மழை வருமுன்னரே காய்ந்த மண்ணை உழுது, அந்தப் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தை நோக்கிக் கைகூப்புவது இப்பகுதியின் வழக்கம். அதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். மழை வந்தால் முளை. வராவிட்டால் விதையும் இழப்பு. அம்மனிடம் முளைப்பாரி ஏந்திச் செல்லும் கைகளுக்குப் பின்னே இந்த ஏக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. மாரி என்ற சொல் மழைக்கும் தெய்வத்துக்கும் ஒன்றாகவே வழங்குவதன் சுவையை இம்மண்ணில் பிறந்தோரே முழுமையாக உணர்வர்.

நீர் கண்ட இடங்களில் வேறு முறை. நெல்லை ஒருநாள் ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி மூடி வைப்பர். உள்ளே வெப்பம் ஏறி, மறுநாள் வெண்ணிற முனை எட்டிப்பார்க்கும். இதுவே முளைகட்டுதல். பின்னர் அது நாற்றங்காலில் விதைக்கப்பட்டு நாற்றாகும், பறிக்கப்பட்டு முடிகளாகக் கட்டப்படும், வயலில் நடப்பட்டு வேர்பிடிக்கும், தூர்கட்டும், சூல்கொள்ளும், கதிர் ஈனும், பால்பிடிக்கும், முற்றும். சூல், ஈனுதல், பால் என்னும் இச்சொற்களைக் கவனித்தால், ஒரு தாயின் வாழ்வைச் சொல்லும் சொற்களையே தமிழர் நெற்பயிருக்கும் வழங்கியமை விளங்கும். தாய்மை நிறைந்த அம்மொழியில் பயிர் பொருளன்று, உறவு.

கன்றும் பிள்ளையும் வடலியும்

இந்த உறவுமுறை இளம்பயிர்களின் பெயரில் இன்னும் தெளிவாகிறது. நெல்லுக்கும் கத்தரிக்கும் இளமைப் பெயர் நாற்று. மாவுக்கும் வாழைக்கும் புளிக்கும் அது கன்று. தென்னைக்கோ பிள்ளை. பனைக்கு வடலி. 'தென்னம்பிள்ளை வைத்திருக்கிறேன்' என்று சொல்லும் முதியவர், அந்த மரம் தம் முதுமையில் தமக்கு நீர் தரும் மகன் என்றே நம்பி நட்டவர். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இவ்வாறு தாவரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் வழங்கும் சொற்களைத் தொகுத்து எழுதிய கட்டுரை, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுள்ளது. பேரன் பேத்தியர் அப்பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பர். அச்சொற்களைக் கையால் தொட்டுக் காட்டுவதற்குத் தாத்தாவும் பாட்டியும் வேண்டும்.

புதிதாய் அரும்பும் இலைக்கும் ஒரே பெயர் இல்லை. மாமரத்தில் தோன்றுவது தளிர். வேம்பில் கிள்ளுவது கொழுந்து. வாழையிலும் தென்னையிலும் பனையிலும் சுருண்டு எழுவது குருத்து. கோயில் வாயிலில் மாவிலைத் தோரணமும், தென்னங்குருத்தோலையும், அம்மன் கரகத்தில் வேப்பங்கொழுந்தும் சேரும்போது இம்மூன்று சொற்களும் ஒரே இடத்தில் கூடுகின்றன. மதுக்குடத்தின் மேலே விரியும் தென்னம்பாளையையும் சேர்த்தால் நான்காகும். காரைக்குடியின் நடுவே வீற்றிருக்கும் கொப்புடைநாயகியம்மன் திருப்பெயரில் உள்ள கொப்பு காதணியைக் குறிப்பது. அதே சொல்லுக்குச் சிறுகிளை என்ற பொருளும் தமிழில் உண்டு. காரைக்குடி என்ற ஊர்ப்பெயரே காரைச் செடியால் வந்தது என்பர். நகரத்தார் ஒன்பது கோயில்களுள் ஒன்றைக் கொண்ட இலுப்பைக்குடியின் பெயரில் இலுப்பை மரம் நிற்கிறது. மரமும் செடியும் ஊராகவும் தெய்வத்தின் அணியாகவும் ஆன நாடு இது.

பனையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் அதன் முளை மேலே வாராது. முதலில் கீழே இறங்கும். அவ்வாறு இறங்கிப் பருத்த முளையே பொங்கல் நாளில் அவித்து உண்ணும் பனங்கிழங்கு. அக்கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சுபோன்ற இனிய பொருள் இருக்கும். அதனைத் தவண் என்றும் பூரான் என்றும் சிறுவர் விரும்பி உண்பர். முளைத்த தேங்காயினுள் தோன்றும் தேங்காய்ப்பூவும் அவ்வகையே. இரண்டும் கொட்டைக்குள் உள்ள உணவை உறிஞ்சி இளமுளைக்கு ஊட்டும் உறுப்புகள். தாய்க்கும் சேய்க்கும் இடையில் நிற்கும் கொடி போன்றவை அவை.

தொல்காப்பிய மரபியல், வெளியே வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உள்ளே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் வகுத்தது. அதன்படி வானளாவிய பனையும் தென்னையும் புல்லினம். இன்றைய தாவரவியலும் அவற்றை நெல்லோடும் மூங்கிலோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்கிறது. அதே மரபியல் புல்லையும் மரத்தையும் தொடு உணர்வு உடைய ஓரறிவு உயிர்கள் என்றும் கூறியது. உயிர் என்று ஒப்பிய பின்னரே அதன் இளமையைக் கன்று என்றும் பிள்ளை என்றும் அழைக்க மனம் வரும்.

இளையான்குடியின் வெண்முளை

முளை என்னும் சொல்லின் முழுப்பெருமையையும் உணர்த்திய அடியவர் ஒருவரைச் சிவகங்கை மாவட்டத்து மக்கள் தம்மவராகப் போற்றுகின்றனர். மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள இளையான்குடியின் பெயர் தாங்கிய மாற நாயனாரே அவர். அவ்வூரில் இராசேந்திர சோழீசுவரர் திருக்கோயில் உள்ளது. ஆவணி மகம் நாயனாரின் குருபூசை நாள். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் வணங்கிய இவர் வரலாற்றை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார்.

மாறனார் உழவர் குலத்துச் செல்வர். சிவனடியார் எவர் வரினும் அறுசுவை உணவளித்து மகிழ்ந்தவர். செல்வம் இருக்கும்போது கொடுப்பது எளிது. அது போன பின்பும் கொடுக்கும் மனம் நிலைக்குமோ என உலகுக்குக் காட்ட இறைவன் திருவுளம் கொண்டான். செல்வம் சுருங்கியது. நிலங்களை விற்றார், கடன்பட்டார், அடியார்க்கு அமுதளித்தல் நிற்கவில்லை.

ஒரு மழைக்கால இரவு. பகலெல்லாம் பசித்திருந்த அவ்வீட்டின் வாயிலில், மழையில் நனைந்த அடியார் ஒருவர் வந்து நின்றார். அவர் மேனியின் ஈரத்தைத் துடைத்து, இருக்கை தந்து, உள்ளே வந்தார் மாறனார். சமைக்க ஒன்றுமில்லை. அண்டை அயலில் இனிக் கடன் தருவாரும் இல்லை. அப்போது அவர் மனைவியார் நினைவூட்டிய ஒன்றே வழியாயிற்று. அன்று பகலில் வயலில் விதைத்த செந்நெல்லின் முளை அங்கே கிடக்கும். அதை வாரிவந்தால் அமுதாக்கலாம்.

நாயனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருளில் இறங்கினார். கண்ணுக்கு வழி தெரியவில்லை. காலால் தடவியே வயலை அடைந்தார். மழைநீரில் மிதந்து ஒருபுறம் ஒதுங்கிய வெண்முளைகளைக் கையால் கோலி வாரி, கூடை நிறைத்து வீடு சேர்ந்தார். அம்மையார் சேற்றைக் கழுவினார். விறகு இல்லை என்றதும் நாயனார் கூரையின் கழிகளை வெட்டித் தந்தார். ஈர முளையை வறுத்து, குற்றி, அரிசியாக்கி, அன்னம் சமைத்தார் அம்மையார். கறிக்கோ, கொல்லையில் இன்னும் வளர்ச்சி நிரம்பாத இளங்கீரையைப் பறித்து வந்தார் நாயனார். அந்த ஒன்றையே பலவகைக் கறிகளாக்கினார் அம்மையார். உணவு கொள்ள அழைத்தபோது அடியார் அங்கில்லை, சோதி எழுந்தது. அம்மையப்பராக இறைவன் காட்சி தந்து இருவரையும் ஆட்கொண்டான்.

விதைநெல்லை உண்ணலாகாது என்பது உழவன் வீட்டின் எழுதாச் சட்டம். பஞ்சம் வந்தாலும் வைக்கோல் சுற்றிச் சாணம் மெழுகிய விதைக்கோட்டையைத் தொடமாட்டார்கள். நாளைய வாழ்வு அதற்குள் உறங்குகிறது. மாறனார் கையால் வாரியது மிச்சம் மீதியன்று. தம் நாளை முழுவதையும் வாரினார். விருந்தோம்பும் இல்லத்தானின் நிலத்துக்கு வித்தும் இடவேண்டுமோ என்னும் கருத்தில் திருவள்ளுவர் எழுப்பிய வினாவுக்கு, வித்தையே விருந்தாக்கி விடையளித்தவர் அவர்.

முளைப்பாரியும் அவ்வுணர்வின் சிறு வடிவமே. விதையாக வைத்துக்கொள்ளவோ உண்ணவோ தகுந்த தானியத்தை, பலன் கருதாது முளைக்கவைத்து, தெய்வத்தின்முன் வைத்து, ஊருணியிலோ கண்மாயிலோ கரைத்துவிடுகின்றனர் பெண்கள். அறுவடை இல்லாத வேளாண்மை அது. கொடுப்பதற்காகவே வளர்க்கப்பட்ட பயிர் அது.

முளை குன்றினால்

இங்கே ஒன்றை மனம் திறந்து பேச வேண்டியுள்ளது. முளைப்பாரி செழித்தால் ஊர் செழிக்கும், குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் ஏதோ ஓர் ஆண்டு ஒரு வீட்டுப் பாரி குன்றிவிட்டாலோ அழுகிவிட்டாலோ, அதனை வளர்த்த பெண்ணின் நோன்பில் குறை கண்டு பேசும் வழக்கமும் அதன் நிழலாக வந்துவிட்டது. மணமாகாத பெண்ணோ, மகப்பேறு வேண்டி நோன்பிருந்த மருமகளோ அச்சொல்லைக் கேட்டு ஆண்டு முழுதும் உள்ளம் நொந்திருப்பதுண்டு.

முளை குன்றுவதற்கு மண்ணறிந்த காரணங்கள் பல. பழைய விதையின் முளைப்புத்திறன் குறைந்திருக்கும். வண்டு துளைத்திருக்கும். கடையில் வாங்கிய பருப்பு உடைத்ததாகவோ தோல் நீக்கியதாகவோ இருந்தால் முளைக்கவே முளைக்காது. நீர் மிகுந்து தேங்கினால் விதை மூச்சுத்திணறி அழுகும். நீர் வடிய வழியில்லாத பிளாஸ்டிக் கலத்தில் இது எளிதில் நேரும். அறை மிகக் குளிர்ந்திருந்தாலும் முளை தாமதமாகும். இவற்றுள் எதுவும் அப்பெண்ணின் குற்றமன்று.

முற்காலத்தில் முளைப்பாரிக்கு ஒரு பயனும் உடனிருந்தது. ஊரார் அனைவரும் தத்தம் வீட்டு விதையைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் முளைக்கவைக்கும்போது, யார் வீட்டு விதை நன்று, யார் வீட்டு விதை பழுது என்பது விதைப்புக்கு முன்னரே தெரிந்துவிடும். நல்ல விதை வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கலாம். அவ்வாறு நோக்கினால், குன்றிய பாரி பழிக்கத்தக்க அறிகுறியன்று. ஒரு வீட்டுக்கு நல்ல விதை தேவை என்பதை அக்கம்பக்கத்தார்க்கு அறிவிக்கும் அழைப்பு. அதற்கு ஏற்ற மறுமொழி ஒரு படி விதை கொடுப்பதேயன்றி, ஒரு சுடுசொல் அன்று. வீட்டின் மூத்தோர் ஒருவர், "விதை பழையது அம்மா, உன்மேல் குறையில்லை" என்று கூறிவிட்டால் அந்த ஆண்டு அவ்வீட்டில் உண்மையாகவே மங்கலம் முளைத்துவிடும்.

அவ்வாண்டு விளைந்த முழுத் தானியம், எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம் வரை ஊறல், அடியில் துளையிட்ட மண்சட்டி, தேங்காத அளவில் நாள்தோறும் இருமுறை தெளிப்பு ஆகியன அமைந்தால் பெரும்பாலும் பாரி பொய்ப்பதில்லை. மண்சட்டியும் வைக்கோலும் ஊருணி நீரைக் கெடுக்காமல் கரைந்துபோவதும் நன்மையே.

சொல்லும் ஒரு வித்து

கம்பன் புகழ்பாடக் கழகம் கண்ட ஊர் காரைக்குடி. சா.கணேசன் 1939ஆம் ஆண்டு அங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் மணிமண்டப வளாகத்தில், 1975இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1993இல் திறக்கப்பட்ட தமிழ்த்தாய் திருக்கோயில் உள்ளது. மொழியைத் தாயாகக் கண்டு கோயில் எடுத்த ஊரிலேயே, மாரியைத் தாயாகக் கண்டு முளை எடுக்கும் விழாவும் நிகழ்கிறது. இரண்டையும் சேர்த்து எண்ணுவோர்க்கு ஓர் உண்மை தோன்றும். சொல்லும் விதையைப் போன்றதே. குதிருக்குள் வைத்துப் பூட்டினால் சில காலம் இருக்கும். பிறகு முளைப்புத்திறன் இழக்கும். ஆண்டுதோறும் எடுத்து விதைத்தால்தான் விதை விதையாக நிற்கும். நாள்தோறும் எடுத்துப் பேசினால்தான் சொல்லும் சொல்லாக நிற்கும்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று முதியோர் இருவரே வாழ்கின்றனர். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உள்ளனர். விழாவுக்கு வரும் பேரக்குழந்தைகள் முளைப்பாரியைக் கண்டு, 'இது என்ன புல்?' என்று வினவுவதுண்டு. அவ்வினா ஏளனமன்று, ஊறவைத்த நெல்லைப் போன்று, முளைக்கக் காத்திருக்கும் ஆர்வம். அந்தக் குழந்தையின் கையில் ஒரு பிடி பாசிப்பயற்றைக் கொடுத்து, ஒரு சிறு சட்டியில் தெளிக்கச் செய்து, நாள்தோறும் உடனிருந்து காட்டினால் போதும். முதல்நாள், "ஊறியிருக்கிறது பார்" என்று சொல்லலாம். மறுநாள், "வேர் விட்டிருக்கிறது". மூன்றாம் நாள், "வித்திலை விரிந்தது". அதன்பின் தளிர், கொழுந்து, குருத்து என ஒவ்வொன்றாய்த் தோட்டத்தில் தொட்டுக் காட்டலாம். ஒரு வாரத்தில் குழந்தை பயிரையும் வளர்த்திருக்கும். பத்துச் சொற்களையும் தனதாக்கிக்கொண்டிருக்கும். கடல்கடந்து போனாலும் அச்சொற்கள் உடன் போகும். அங்கே ஒரு சாளரத்தோரச் சட்டியிலும் முளைக்கும்.

மழையிருளில் காலால் தடவிச் சென்று வெண்முளை வாரிய மாற நாயனாரின் கையில் இருந்ததும், முத்துமாரியின் திருமுன் குலவையோடு இறக்கி வைக்கப்படும் சட்டியில் இருப்பதும் ஒன்றே. வாடாமல் வைத்திருந்து, தக்க நேரத்தில் கொடுத்துவிட வேண்டிய ஒன்று அது. அதனைக் கொடுக்கும் பேறு முதியோர்க்கே முதலில் வாய்த்திருக்கிறது. மாரி பொழிய, மண் குளிர, இல்லந்தோறும் முளை தழைக்க அன்னை முத்துமாரி அருள்புரிவாளாக.